மச்சான் கொடுத்த போனும் மீதமிருந்த ஒரு வாய்ப்பும்

பூட்டியிருக்கும் போன் என்று பக்கத்தில் யாராவது சொன்னால் போதும், உடனே கை அரிக்கத் தொடங்கிவிடும் ஓர் இனம் நம்மிடையே உலாவுகிறது. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிவிட்டு வருவீர்கள். அதற்குள் மேசையில் இருந்த உங்கள் போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்தக் கம்பெனி லைன், மாசம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று விசாரிப்பார். நீங்கள் எந்தத் தொகையைச் சொன்னாலும் உச்சுக்கொட்டுவார். பிறகு பர்ஸிலிருந்து, சிம் தட்டைக் குத்தித் திறக்கும் அந்தக் குட்டி ஊசியை எடுப்பார். ஊசி வெளியே வந்துவிட்டதா? போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுங்கள்.

இவர் வீட்டில் பானப்பொடி தீர்ந்த ஒரு மைலோ டின் இருக்கும். அதில் செத்த சிம் கார்டுகள், எந்தப் போனுக்கும் பொருந்தாத சார்ஜர்கள், முதுகு கழன்ற இரண்டு மூன்று போன்கள். எதையும் தூக்கிப் போட மாட்டார். "நல்ல போன் லா, சும்மா லாக் ஆயிருக்கு" என்பார். 'தெரியாது' என்ற சொல் இவர் அகராதியில் இல்லை. அந்த இடத்தில் 'பாத்துக்கலாம்' என்று அச்சடித்திருக்கும்.

மாதிரிக்கு ஒருவரைக் காட்டுகிறேன். கிள்ளானில் எனக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் திருச்செல்வம். தொழிற்சாலையில் மின்பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வரிசையில் பதினோரு வீட்டுக்குப் போன் லைனைக் கம்பெனி விட்டுக் கம்பெனி மாற்றிக் கொடுத்திருக்கிறார். எனக்கே மூன்று முறை. அதன் பலனாக நான் இப்போது சமையலறை ஜன்னலில் தலையை வெளியே நீட்டினால்தான் பேச முடிகிறது. அவருடைய லைனோ, முதன்முதலில் போன் வாங்கிய நாளிலிருந்து அதே லைன், அதே நம்பர். கேட்டால், அது ராசியான நம்பராம். ஊருக்குத்தானே உபதேசம்?

அவருடைய மைத்துனர் யுகேந்திரன் அமெரிக்காவில் இருக்கிறார். போன தைப்பூசத்துக்கு வந்தபோது, தாம் பயன்படுத்திய நல்ல போன் ஒன்றை தம் அக்கா, அதாவது திருச்செல்வத்தின் மனைவி சந்திரகலாவுக்குக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "அத்தான், இது அங்க உள்ள கம்பெனி லைனுக்கு மட்டும்தான் வேலை செய்யும். நான் கேட்டா திறந்து விட்டுடுவாங்க, கேக்கட்டுமா?" என்றார். திருச்செல்வத்துக்குச் சுருக்கென்றது. பதினோரு வீட்டுக்கு லைன் மாற்றியவரிடம் கேட்கிற கேள்வியா இது? "இதெல்லாம் ஒரு விஷயமா மச்சான்? நான் பாத்துக்கறேன்" என்றார். சொல்லிவிட்டாரே தவிர, போன் மைலோ டின்னுக்குப் போய்விட்டது.

அது அங்கேயே கிடந்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் மகள் விஷ்ணுப்ரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஷா ஆலமில் மண்டபம் எடுத்தார்கள். அழைப்பிதழில், வருகையை உறுதிப்படுத்த என்று சந்திரகலாவின் நம்பரை அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்தார்கள். விருந்துக்கு எத்தனை மேசை போடுவது என்று வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் மண்டபத்துக்குச் சொல்லியாக வேண்டும். அந்த வாரம் பார்த்து, ஒரு புதிய லைன் கம்பெனியின் சலுகை விளம்பரம் திருச்செல்வத்தின் கண்ணில் பட்டது.

திங்கட்கிழமை அவர் மனைவியின் நம்பரைப் புதிய கம்பெனிக்கு மாற்றினார். அவளுடைய பழைய போனைத் துடைத்துத் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவருக்குத் தானம் செய்தார். பிறகு வெற்றிப் புன்னகையோடு புது சிம்மை மச்சான் கொடுத்த போனில் போட்டார். பூட்டைத் திறக்கும் எண்ணைப் போடு என்றது போன். ஐந்து வாய்ப்புகள் உண்டு, தவறினால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்வேன் என்றும் எச்சரித்தது.

நீங்களும் நானும் என்றால் அங்கேயே நின்றிருப்போம். அவர் எட்டு பூஜ்யங்களைப் போட்டுப் பார்த்தார். இணையத்தில் யாரோ ஒருவன் எல்லாப் போனுக்கும் பொதுவானது என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்த எண்ணைப் போட்டார். தம் பிறந்த தேதியைப் போட்டார். கடைசியில் தம் கல்யாணத் தேதியைப் போட்டார். அமெரிக்கக் கம்பெனிக்கு இவருடைய கல்யாணத் தேதி எப்படித் தெரியும்? அதையெல்லாம் கேட்கக் கூடாது. ஒரு வாய்ப்பு மீதமிருக்கிறது என்றது போன்.

சந்திரகலா இரண்டு வழிகள் சொன்னாள். தம்பியைக் கேளுங்கள் என்றாள், முறைத்தார். அதுவரைக்கும் உங்கள் போனில் என் சிம்மைப் போடுங்கள் என்றாள். அது ஒரு சிம் மட்டும் ஏற்கிற போன். "என் லைன் என்ன ஆவறது?" என்று பதறிப்போனார்.

புதன்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினார். துணைக்கு நானும் போனேன். முதல் கடையில் இருந்த ஷாமினி என்ற பெண் போனை ஒரே ஒரு முறைதான் பார்த்தாள்.

"அங்கிள், இத முதல்ல வாங்கினது யாரு?"

"என் மச்சான்."

"அப்ப அவர் கம்பெனிகிட்ட கேட்டா போதும். ஃப்ரீ. ரெண்டே நாள்."

இதைவிட நல்ல சேதி உண்டா? திருச்செல்வம் கசப்பு மருந்து குடித்தவரைப் போல் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தார். அங்கேயும் அதே பதில். ஆறு கடையிலும் அதே பதில். மச்சானிடம் கேட்காமல் திறக்க ஏழாவதாக ஒரு கடை இல்லாமல் போனது அவருடைய துரதிருஷ்டம்.

வியாழக்கிழமை மாலை அவர்கள் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. செமினியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வள்ளியம்மாவும், லோரி ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா ராஜனும். (நான் அங்கேதான் இருந்தேன். அண்டை வீட்டுக்காரனுக்கு இதற்கெல்லாம் காரணம் வேண்டுமா?) வள்ளியம்மா உட்காரவில்லை. மூன்று நாளாக அழைக்கிறாராம், போன் போகவே இல்லையாம். தங்கள் பக்கம் இரண்டு மேசை கூடுதலாக வேண்டும் என்று சொல்லத்தான் அழைத்தாராம். விஷ்ணுப்ரியாவிடம் சொல்லிவிடலாம் என்று மகன் சொன்னானாம். சம்பந்தியம்மாவிடம் சம்பந்தியம்மாதான் பேச வேண்டும் என்று இவர் மறுத்துவிட்டாராம். குரல் இறங்கியது.

"சொல்லிடுங்க சம்பந்தி. உங்களுக்கு மனசு மாறிடுச்சா?"

சந்திரகலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. "மனசெல்லாம் மாறல சம்பந்தி. லைன்தான் மாறிச்சு. மூணு நாளா இவரு போனைத் திறந்துக்கிட்டு இருக்காரு" என்று மேசையைக் காட்டினாள்.

வள்ளியம்மா போனைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், மைலோ டின்னைப் பார்த்தார். பிறகு பொத்தென்று சோபாவில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "எங்க வீட்லயும் இதே டின்தான்."

சிரிப்பில் யாரும் ராஜனைக் கவனிக்கவில்லை. பாம்பின் கால் பாம்பறியும். அவர் எப்போதோ திருச்செல்வத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்திருந்தார். "இன்னும் ஒரு சான்ஸ் இருக்குல்ல? எங்கிட்ட ஒரு நம்பர் இருக்கு, தப்பவே தப்பாது" என்றார். தம் முதல் லோரியின் எண்ணையும் அதை வாங்கிய வருடத்தையும் சேர்த்து அழுத்தினார்.

போன் நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டது.

இந்த மாடலே அப்படித்தான் என்று ராஜன் தீர்ப்பளித்தார். நானும் அதான் நெனச்சேன் சம்பந்தி என்று திருச்செல்வம் ஆமோதித்தார். அன்றிலிருந்து இருவரும் இணைபிரியாத நண்பர்கள்.

சந்திரகலா கையை நீட்டினாள். "அந்த ஊசியக் குடுங்க."

அவளே திருச்செல்வத்தின் போனைத் திறந்து, அவருடைய ராசியான சிம்மை எடுத்து மைலோ டின்னில் போட்டாள். தன் சிம்மை அதில் வைத்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. உடனே மணி அடித்தது. யாரோ அத்தை, குடும்பத்தோடு வருகிறார்களாம். அது ஓய்வதற்குள் அடுத்தது. வெள்ளிக்கிழமை காலையிலேயே மேசைக் கணக்கு மண்டபத்துக்குப் போய்விட்டது, கூடுதல் இரண்டு மேசையும் சேர்த்து.

கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரோடு வந்த யுகேந்திரன், போன் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். "அந்த மாடல் சரியில்ல மச்சான். அடுத்த தடவ வேற கொண்டு வா" என்றார் திருச்செல்வம். மீசையில் மண் ஒட்டவே இல்லை.

நீங்கள் இந்த இனம் இல்லை என்பது எனக்குத் தெரியும். படித்தவர், விவரமானவர், தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடியவர். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு வாய்ப்பு மீதமிருக்கிறது என்று படித்தீர்களே, அப்போது உங்கள் மனதில் ஏதாவது ஓர் எண் வந்து போனதா?

வந்ததா? தயவுசெய்து எங்கள் தெருப் பக்கம் வராதீர்கள். என் போனை இப்போதுதான் யாருக்கும் தெரியாமல் அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.