எடுத்துக்கொடுக்கும் அப்பாவும் ஒன்றாம் கட்டமும்

எடுத்துக்கொடுப்பவர் என்று ஓர் இனம் உண்டு. தேடிப் போக வேண்டியதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது பாதி வாக்கியத்தில் சும்மா ஒரு மூச்சு வாங்கிப் பாருங்கள், மீதிப் பாதியோடு அவர் வந்து நிற்பார். அடுத்தவர் வாக்கியம் நடுவழியில் நின்றால் அவருக்குப் பொறுக்காது. நின்றுபோன வண்டியைக் கண்டவர்போல் ஓடி வந்து தள்ளிவிடுவார். வண்டி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்பாரா? மாட்டார்.

நம்முடைய ஆள் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். "எனக்கு ஒரு..." என்று பயணி இழுப்பதற்குள் சீட்டு கையில் இருக்கும். பெரும்பாலும் சரியான ஊருக்கு. வீட்டிலும் அதே வேகம்தான். ஒருநாள் மனைவி, "ஏங்க, மேல் வீட்டுல..." என்று தொடங்கினார். "தண்ணி ஒழுகுதா? விடு, நான் பாத்துக்கறேன்" என்று இவர் அப்போதே குழாய் ரிப்பேர்காரருக்குப் போன் போட்டுவிட்டார். மேல் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்பதைத்தான் மனைவி சொல்ல வந்தார். கையில் பெரிய ஸ்பானரோடு ஓர் ஆள் தொட்டில் பக்கத்தில் நின்று திருதிருவென்று விழித்த பிறகுதான் இவருக்கு விஷயம் தெரிந்தது.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவருக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்குப் பேச்சு திக்கும். வாய் திறக்கும், உதடு துடிக்கும், சொல் மட்டும் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். எடுத்துக்கொடுப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? டாக்டர் கேட்டாலும் கடைக்காரர் கேட்டாலும் பக்கத்து வீட்டு அத்தை கேட்டாலும் பதில் அப்பாவிடமிருந்துதான் வரும். எல்லாம் பாசம்தான், அதில் சந்தேகமே இல்லை. மகள் திணறும் அந்த ஐந்து நொடியும் அவர் நெஞ்சின்மேல் யாரோ ஏறி நிற்பதுபோல் இருக்கும். மகள் பார்த்தாள். இவ்வளவு வேலை செய்ய ஓர் ஆள் இருக்கும்போது நாம் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று பேசுவதையே குறைத்துக்கொண்டாள். பள்ளியிலிருந்து குறிப்பு வந்தது: 'கேள்வி கேட்டால் உங்கள் மகள் பதில் சொல்வதில்லை. வகுப்பின் கதவையே பார்க்கிறாள்.'

அப்பா வருகிறாரா என்று!

அப்படித்தான் இருவரும் பேச்சுப் பயிற்சி டீச்சரிடம் போய்ச் சேர்ந்தார்கள். சின்ன அறை, குட்டை நாற்காலிகள். மேசைமேல் பாம்பும் ஏணியும் பலகை, மூன்று காய்கள், ஒரு கட்டுக் கேள்விச் சீட்டு, உள்ளங்கை அளவு மணல் கடிகாரம்.

"விளையாட்டு எல்லாம் வீட்டுலயே இருக்கு மேடம். பேச்சு எப்போ..."

"ஆரம்பிச்சாச்சு சார்" என்றார் டீச்சர். எடுத்துக்கொடுப்பவருக்கே எடுத்துக்கொடுத்துவிட்டார்!

விதி சுலபமானது. ஒரு சீட்டை எடுத்துப் பதில் சொல்ல வேண்டும், பிறகு பகடையை உருட்ட வேண்டும். ஒருவர் முறையில் இன்னொருவர் வாய் திறந்தால், திறந்தவரின் காய் ஒன்றாம் கட்டத்துக்குப் போய்விடும்.

"மணல் கடிகாரம் எதுக்கு? பாவம், அவளை அவசரப்படுத்தாதீங்க."

"அது அவளுக்கு இல்ல சார், உங்களுக்கு. மணல் இருக்கற வரைக்கும் நீங்க பேசக் கூடாது. தீர்ந்தா நான் திருப்பி வைப்பேன்."

முதல் வாரம் அவர் காய் ஏழு முறை ஒன்றாம் கட்டத்துக்குத் திரும்பியது. ஏணியைத் தொடவே இல்லை. பாம்புக்கும் அவரால் ஒரு வேலையும் இல்லை.

"நான் உதவிதானே மேடம் பண்ணேன்?"

"பாம்புகூட அப்படித்தான் நினைக்கும் சார்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா தோற்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை. அதற்காகவே அடுத்த வாரம் முதல் ஆளாகக் கிளம்பி நின்றாள்.

ஐந்தாம் வாரம். அப்பா உதட்டைக் கடித்துக் கடித்துத் தொண்ணூற்றாறாம் கட்டம் வரை வந்துவிட்டார். அப்போது மகள் எடுத்த சீட்டில் இருந்தது: 'உனக்குப் பிடித்த ஐஸ்கிரீம் எது?'

கடவுளே! இது அவருக்கு உறக்கத்திலும் தெரியும். இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் வாங்கிக் கொடுப்பது யார்? மகள் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. மணல் விழுந்தது. அப்பா தொடையைக் கிள்ளிக்கொண்டார். டீச்சர் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். மகள் கதவைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சா... சா... சாக்லேட்."

"வெனிலா இல்லையா?" என்று அலறிவிட்டார் அப்பா.

"வெனிலா... நீதான்பா சொல்லுவ" என்றாள் மகள். பிறகு தொண்ணூற்றாறில் இருந்த காயைத் தன் கையாலேயே எடுத்து, மிகுந்த மரியாதையோடு ஒன்றில் வைத்தாள்.

கணக்குப் பாருங்கள். இரண்டு வருடம். நூற்றுக்கும் மேற்பட்ட வெனிலா.

அந்த ஞாயிறு ஐஸ்கிரீம் கடையில் அப்பா மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை நீண்டது. மகள் வாயைத் திறந்தாள்.

"வழக்கம்போல வெனிலாதானே பாப்பா?" என்றார் கடைக்காரர்.

"ஸ்ட்ராபெரியா இருக்கும்" என்றது வரிசை.

அப்பா கடைக்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, உங்க காய் ஒண்ணாம் கட்டத்துக்குப் போயாச்சு. பின்னாடி இருக்கறவங்களும் அப்படியே போங்க. பாப்பா பேசுறா."

கடைக்காரர் ஒன்றும் புரியாமல் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு..." என்றாள் மகள். நின்றாள். ஒரு மூச்சு எடுத்தாள். "ரெண்டு சா... சாக்லேட். ஒண்ணு அப்பாவுக்கு."

அப்பாவுக்குச் சாக்லேட் பிடிக்கவே பிடிக்காது. அவரை யாராவது கேட்டார்களா? வாயை மூடிக்கொண்டு கடைசிவரை சாப்பிட்டார்.

இந்த இனத்திலிருந்து நீங்கள் தள்ளியே இருங்கள். அதற்கு முன் ஒன்றே ஒன்று. "ரெண்டு..." என்று அந்தப் பெண் நின்றாளே, அந்த ஒரு மூச்சு நேரத்தில் நீங்கள் சும்மா இருந்தீர்களா? இல்லை, உங்கள் மனசு முந்திக்கொண்டு அவளுக்கு ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்ததா?

அப்படியென்றால் வாருங்கள். ஒன்றாம் கட்டத்தில் நிறைய இடம் இருக்கிறது.