குனியாத அரசரின் வீறுநடை

ஏழு கடலுக்கு அப்பால், வரைபடக்காரர்கள் மை தீர்ந்துபோய் விட்டுவிட்ட மூலையில், திடபுரி என்றொரு நாடு இருந்தது. அரசர் பெயர் திடவர்மர். அங்கே தேர்தலும் உண்டு. போட்டியிடுபவர் அவர் ஒருவரே என்பதால் அதில் தகராறு வந்ததில்லை.

அரசரின் புகழைப் படமாக்கும் வேலை தாண்டவனுக்கும் அவன் மனைவி அலர்மேலுக்கும். அட்டையில் வெட்டிய உருவங்களைக் கண்ணாடி மேல் படுக்கவைத்து, மயிரிழை நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம் என்று எடுத்து ஓட்டினால் அட்டை அரசர் நடப்பார், கையசைப்பார். ஒருமுறை வாசல்நிலையில் கிரீடம் இடிக்குமே என்று தாண்டவன் அவர் கழுத்தை லேசாக வளைத்துவிட்டான். அரசரைத் தலைகுனிய வைத்த குற்றத்துக்காக அவனைச் சிறையில் போட்டார்கள்.

உடனே ஆணை பிறந்தது: அட்டை அரசரின் மூட்டுகள் அனைத்தும் பசை போட்டு ஒட்டப்பட வேண்டும். அடுத்த ஆணை: அரசரே குனியாத நாட்டில் குடிகள் குனிவது ராஜநிந்தனை. நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து நின்றபடி நாற்றை வயலில் எறிந்தார்கள். கொக்குகள் மிரண்டு பறந்தன. நாற்று ஒன்றும் நிற்கவில்லை. அந்தப் போகம் ஊரே கஞ்சிக்குத் தவித்தது.

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கையில் செய்தித்துறை அமைச்சர் பராங்குசர் அலர்மேலிடம் வந்தார்.

“அரசர் வீறுநடை போட்டு முன்னேறணும். அப்படி ஒரு படம் எடு, உன் புருஷன் வெளியே வருவான். இல்லேன்னா உள்ளேயே கிடப்பான்.”

“மூட்டெல்லாம் ஒட்டியாச்சே ஐயா. எப்படி நடப்பாரு?”

“அது உன் துறை.”

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அழுதாள். பிறகு ஒரு வழி தோன்றியது. அரசரை நடுவில் அப்படியே நிறுத்தினாள். வயல், ஊர், பள்ளிக்கூடம், ஜனங்கள் எல்லாம் வரைந்த நீளக் காகிதத்தை அவருக்குப் பின்னால் விரித்து, மயிரிழை மயிரிழையாகப் பின்பக்கம் இழுத்தாள். ஓட்டிப் பார்த்தால் அரசர் அமோகமாக முன்னேறினார்.

அமைச்சர் கைதட்டினார். “அற்புதம்! எப்படிம்மா செஞ்சே?”

“அரசர் அசையவே இல்லீங்க ஐயா. நாட்டைத்தான் பின்னாடி இழுத்தேன். பாக்கறவங்களுக்கு அவரு முன்னேறுற மாதிரி தெரியும்.”

அமைச்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மெதுவாப் பேசு. இது ராஜாங்க ரகசியம். உனக்கு யார் சொன்னது?”

கொடுத்த வாக்குப்படி அன்றே தாண்டவனை விட்டார்கள். அவன் சிறைவாசலைத் தாண்டும்போது, எதிரே காவலர்களுக்கு நடுவில் அலர்மேல் வந்துகொண்டிருந்தாள்.

“ஐயோ, நீ என்ன தப்பு பண்ணினே?” என்று பதறினான்.

“தெரியாம, உள்ளதை உள்ளபடியே படம் எடுத்துட்டேங்க,” என்றாள் அலர்மேல்.