வசந்தி அக்காவின் கேசட்டை நான் பிரித்த கதை

ஒரு விஷயத்தைப் பற்றி நாற்பது வீடியோ பார்த்தவன் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். நாற்பது வீடியோவையும் பார்த்தவன் நான்தான். ஸ்க்ரூ டிரைவரும் என்னுடையதுதான். பிரித்த கேசட் மட்டும் இன்னொருவருடையது.

தாம்பரம் மேற்கில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, சேலையூரில் வாடகை வீடு, மனைவி சித்ரா பள்ளியில் கணக்கு டீச்சர். இதுவரை எல்லாம் ஒழுங்குதான். முப்பத்தாறாவது வயதில் எனக்குப் பழைய வீடியோ கேம் கேசட்டுகளைச் சேர்க்கும் பழக்கம் வந்தது. சின்ன வயதில் டிவி பெட்டியோடு இணைத்து விளையாடினோமே, அந்தக் கனமான பிளாஸ்டிக் கேசட்டேதான். (பழக்கம் வந்த ஆறாவது மாதம் ‘கேசட்’ என்பதை விட்டுவிட்டு ‘கார்ட்ரிட்ஜ்’ என்று சொல்ல ஆரம்பித்தேன். அங்கேயே யாராவது எனக்கு ரெண்டு போட்டிருக்கலாம்.)

எங்கள் பக்கத்தில் இந்தக் கிறுக்கு பிடித்தவர்கள் சுமார் இருபது பேர். எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தோம். அட்மின் கீழ்க்கட்டளை பாஸ்கர்; ஏசி சர்வீஸ் செய்கிறவர், தங்கமான மனிதர். குழுவில் வாரம் தவறாமல் ஒரே சண்டை வரும்: ரீப்ரோ வாங்கலாமா, கூடாதா? ரீப்ரோ என்றால் பழைய கேசட்டைப் பார்த்து இன்றைக்குப் புதிதாகச் செய்து விற்கிற நகல்.

“விளையாடத்தானே வாங்கறோம், பூஜை ரூம்ல வெக்கவா?” என்பார் ஒருவர். நகல் என்று சொல்லி விற்றால் தப்பில்லை, அசல் என்று சொல்லி விற்றால்தான் திருட்டு என்பது பாஸ்கரின் கட்சி. அசல் விற்கிற விலையில் சம்பளக்காரன் வேறு என்னதான் செய்வான் என்று இன்னொருவர் அழுவார். எல்லோரும் பேசி முடித்த பிறகு நான் வருவேன். என் பதிவுகள் பத்தி பத்தியாக இருக்கும். “நகல் வாங்குகிறவர் சேகரிப்பாளரே அல்ல” என்று ஆரம்பித்து, நாகரிகத்தின் வீழ்ச்சி வரைக்கும் போவேன். பெரும்பாக்கத்தில் ரீப்ரோ செய்து விற்ற தீனா என்ற இளைஞரை, எல்லோர் முன்னாலும் “திருடன்” என்று எழுதிக் குழுவை விட்டே ஓடவைத்தவன் நான்.

இத்தனைக்கும் நான் குரோம்பேட்டையில் சிறுவனாக விளையாடியது எல்லாமே போலிதான். ஒரே கேசட்டில் தொள்ளாயிரத்துச் சொச்சம் ஆட்டம் என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பதினாறுதான் திரும்பத் திரும்ப வரும். அசல் கேசட்டை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகு. இதைச் சித்ரா ஒரு தடவை ஞாபகப்படுத்தினாள். நான் அன்று சாப்பிடாமல் அலுவலகம் போனேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, பாஸ்கர் வீட்டு ஹாலில் கூட்டம் போட்டோம். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் புதுமுகம்: முடிச்சூரில் அரிசிக் கடை வைத்திருக்கும் வசந்தி அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு மஞ்சப்பையிலிருந்து துண்டில் சுற்றிய கேசட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“சார், எனக்கு ஒரே ஒரு டவுட்டு. இது எங்க அண்ணன் கொவைத்துலேர்ந்து கொண்டாந்தது. இத எடுத்து ஆடறதுக்கே பயமா இருக்கு. இதே மாதிரி ஒரு நகல் வாங்கிக்கினு, அதுல ஆடிட்டு, இத பத்திரமா வெச்சிக்கலாமா? தப்பா?”

எவ்வளவு நியாயமான கேள்வி. வேறு யாராவது பதில் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் டீ குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போயிருப்பார். ஆனால் நான் அதற்குள் கேசட்டைக் கையில் எடுத்திருந்தேன். அதன் முகப்பு ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. நிறம் கொஞ்சம் தூக்கல். ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியது போலக் கோணல்.

“மேடம்,” என்றேன். (என் குரலில் அன்று ஒரு நீதிபதி உட்கார்ந்திருந்தார்.) “நகல் வாங்கலாமான்னு கேக்கறீங்க. இதுவே நகல்தான்.”

“இல்ல சார், அந்த ஸ்டிக்கர் வந்து—”

“ஒரு நிமிஷம் மேடம்.”

“அது வெள்ளத்துல—”

“ஒரு நிமிஷம். நானே காட்டறேன்.”

இந்தக் கேசட்டுகளைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திறக்க முடியாது. ஆறு பல் வைத்த தனி முனை வேண்டும். அது என் சாவிக்கொத்தில் தொங்கியது. இரண்டு திருகாணிகளையும் கழற்றினேன். பதினொரு பேர் சுற்றி நின்றார்கள். உள்ளே பச்சைப் பலகை, சில்லுகள், ஓரத்தில் எட்டணா அளவில் ஒரு வட்ட பேட்டரி. பேட்டரியை ஒட்டிய இடம் எனக்குக் கைவேலை போலத் தெரிந்தது.

“சார், அத மட்டும் தொடாதீங்க,” என்றார் வசந்தி அக்கா. மூன்றாவது முறையாகப் பேச முயன்றார்.

“பயப்படாதீங்க, போலிக்கு ஒண்ணும் ஆகாது,” என்று சொல்லி, பேட்டரியின் அடியில் தேதி இருக்கிறதா என்று பார்க்க முனையைக் கொடுத்து நெம்பினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். பேட்டரி துள்ளி, பாஸ்கர் வீட்டுச் சோபாவுக்கு அடியில் ஓடியது.

பாஸ்கர் பூதக்கண்ணாடியை வைத்துப் பலகையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“முரளி... இது ஒரிஜினல்.”

வெள்ளத்தில் வசந்தி அக்கா வீட்டுக் கீழ்த்தளம் முழுகியது. கேசட் பரணில் இருந்ததால் தப்பித்தது. ஆனால் வாரக்கணக்கில் ஈரக்காற்றில் கிடந்து அதன் ஸ்டிக்கர் மட்டும் உரிந்துபோனது. அவர் தாம்பரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் கொடுத்து, அதே படத்தைப் புதிதாக அச்சடித்து, தானே வெட்டி ஒட்டியிருக்கிறார். அவர் சொல்ல வந்து நான் ‘ஒரு நிமிஷம்’ போட்டு நிறுத்திய விஷயம் இதுதான்.

அந்த பேட்டரி எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. விளையாடியவரை ஆட்டத்தைச் சேமித்து வைப்பதே அதுதான். அதை எடுத்தால் சேமித்தது எல்லாம் போய்விடும். இதைப் பற்றிக் குழுவில் நான்கு பத்தி எழுதியவனே நான்தான். ஒருவரைத் தவறென்று நிரூபிக்கும் அவசரத்தில், எனக்குத் தெரிந்ததே எனக்கு மறந்துபோனது.

பாஸ்கர் புது பேட்டரி வைத்துப் பற்றவைத்தார். பழைய டிவியில் போட்டோம். கோட்டை கோட்டையாகப் போய், சாவி சேர்த்து, கதவு திறக்கும் சாகச ஆட்டம் அது. திரையில் மூன்று கட்டங்கள் வந்தன. மூன்றும் காலி.

வசந்தி அக்கா முதல் கட்டத்தை விரலால் காட்டினார். “இங்க எங்க அண்ணன் பேரு இருக்கும் சார். சேகர். இங்கிலீஷ்ல நாலு எழுத்துக்குத்தான் எடம்னு கடைசி எழுத்து இல்லாம ‘சேகா’ன்னு நிக்கும். கடைசிக் கோட்டை வாசல் வரிக்கும் ஆடிட்டு, மறுநாள் ஃப்ளைட் ஏறிட்டான். இருவத்தஞ்சு வருஷமாச்சு, நடுவுல ஒரு தரமும் வரல. நான் வருஷத்துக்கு ஒரு தரம் போட்டு, பேரும் ஆட்டமும் அப்டியே இருக்கான்னு பாத்துட்டு ஆஃப் பண்ணிடுவேன். ரெண்டு மாசத்துல அவன் ஒரேயடியா ஊருக்கு வர்றான்.”

திட்டியிருந்தால் தேவலை. அவர் கேசட்டைத் துண்டில் சுற்றி, மஞ்சப்பையில் வைத்து, பாஸ்கரின் மனைவியிடம் “வரேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். மேஜை மேல் அவருக்கு வைத்த டீ அப்படியே இருந்தது. மிச்சப் பேர் எல்லோரும் அந்த டீயைப் பார்த்தார்களே தவிர என்னைப் பார்க்கவில்லை. நான் என் பைக் வரைக்கும் நடந்து போனது எனக்கு ஞாபகமே இல்லை. வேளச்சேரி சாலையில் ஒரு சிக்னல் பச்சையாகி, திரும்பச் சிவப்பாகியும் நான் நின்றுகொண்டே இருந்தது மட்டும் ஞாபகம். பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் அன்று அவை எனக்கு ஆறுதலாக இருந்தன.

வீட்டில் சித்ராவிடம் சொன்னேன். விடைத்தாள் திருத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்: “அவங்க எத்தன தடவ சொல்ல வந்தாங்க?”

“மூணு.”

அவள் திரும்பத் திருத்த ஆரம்பித்தாள்.

பரிகாரம் செய்ய முடிவெடுத்தேன். நானே அந்த ஆட்டத்தைக் கடைசிக் கோட்டை வரை ஆடி, ‘சேகா’ என்ற பெயரிலேயே சேமித்துக் கொடுத்துவிடுவது. வசந்தி அக்காவுக்குப் போன் செய்து கேசட்டைக் கேட்டேன். “வேணாம் சார். அத நீங்க இனிமே தொட வேணாம்,” என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் கொன்றது. அந்த ஆட்டத்தின் அசல் வேறு எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே நாகரிகத்தின் வீழ்ச்சியைப் பற்றி எழுதிய இந்தச் சேகரிப்பாளர் திலகம், ஒரு சனிக்கிழமை பெரும்பாக்கம் குடியிருப்பில் படியேறி, ரீப்ரோ தீனா வீட்டுக் கதவைத் தட்டியது.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“இன்னா சார், போலீஸோட வந்துகிறியா?”

“இல்லப்பா... ஒரு ரீப்ரோ வேணும்.”

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கேசட்டை எடுத்து வந்து, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். “பாத்துக்கோ சார். ‘நகல்’னு ஒட்டிகிது. நான் ஒட்டாம யாருக்கும் குடுத்ததில்ல. அப்பவே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல, வுடு சார்,” என்றார். ஆனால் குழுவுக்குத் திரும்ப வருகிறீர்களா என்றதற்கு, “அது வேணாம். அங்க ஒரே பேஜாரு,” என்றார்.

ஆறு வாரம், தினமும் காலையில் அலுவலகம் கிளம்புவதற்கு முன் ஆடினேன். அப்போதுதான் தெரிந்தது, எனக்கு விளையாடவே வராது. கேசட் சேர்க்கத்தான் வரும். மூன்றாவது கோட்டையில் ஒரு பாலம். அதிலிருந்து பதினெட்டு நாள் தொடர்ந்து விழுந்தேன். ஒருநாள் சித்ரா பின்னால் நின்று பார்த்துவிட்டு, “தாவறப்ப ஏன் கண்ண மூடிக்கிறீங்க?” என்று கேட்டாள். பிறகு கன்ட்ரோலரைக் கையில் வாங்கி, ஒரே தாவலில் தாண்டினாள். மிச்சக் கோட்டைகளையும் பெரும்பாலும் அவள்தான் ஆடினாள். (இதை எழுதச் சொன்னதும் அவள்தான்.) வழியில் ஒரு சாவியைக்கூட வீணாக்காமல், கடைசிக் கோட்டை வாசலில், கையில் மூன்று சாவியோடு சேமித்தோம். அது என் யோசனை. கூடுதலாக மூன்று சாவி, வட்டி மாதிரி.

அரிசிக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வசந்தி அக்கா கடை டிவியிலேயே போட்டுப் பார்த்தார். ‘சேகா’ வந்ததும் அவர் முகம் லேசாக மலர்ந்தது. என் மூச்சும் வந்தது. ஆட்டம் திறந்தது. மூலையில் சாவியின் எண்ணிக்கையைப் பார்த்தார். மலர்ந்த முகம் அப்படியே நின்றது.

“மூணா?”

“ஆமாக்கா. ஒண்ணுகூட வீணாக்கல.”

“ஐயோ சார்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். “அவன் இருவத்தஞ்சு வருஷமா போன்ல இதையேதான் சொல்லிக்கினு இருக்கான். ‘நான் மூணு சாவி வெச்சிட்டுப் போனேன், நீதான் தின்னுட்ட’ன்னு! அவன் வெச்சிட்டுப் போனது சைபரு சார்! அத நேர்ல காட்டி அவன் வாய அடைக்கணும்னுதானே நான் காத்துக்கினு இருந்தேன்! ஒரிஜினல அழிச்சிட்டு, அவனுக்கு சாட்சி வேற ரெடி பண்ணிக் குடுத்துட்டீங்களே!”

மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பொன்னி அரிசி இருக்கிறதா என்று கேட்டேன். பத்துக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, அலுவலகத்தில் இருக்கும்போது போன் வந்தது. “சார், அண்ணன் வந்துகிறான். கேசட்ட போட்டுட்டு ஒரே ஆட்டம். நகல்னு சொன்னா நம்ப மாட்டேங்கறான். பின்னாடி ‘நகல்’னு ஒட்டினதும் நீதான்னு என்னச் சொல்றான். நீங்களே சொல்லுங்க.”

ஒரு கனத்த குரல் வந்தது. “யாருங்க?”

பக்கத்து மேஜைக்காரர்கள் காதில் விழாதபடி கையால் வாயைப் பொத்திக்கொண்டு, “சார், அது நகல்தான். ஒரிஜினல் ஆட்டத்த அழிச்சது நான்தான்,” என்றேன்.

பின்னணியில் யாரோ குக்கரை நிறுத்தினார்கள்.

“சரி,” என்றார் சேகர். “ஒரிஜினல்ல மூணு சாவி இருந்துச்சா, இல்லியா?”

“நான் பாக்கல சார். பாக்காமத்தான் அழிச்சேன்.”

“அப்ப இல்லன்னு உங்களால சொல்ல முடியாதுல்ல?”

“...முடியாது சார்.”

“கேட்டியாடி வசந்தி!” என்று அவர் போட்ட சத்தத்தில் நான் போனைக் காதிலிருந்து எடுத்தேன். அந்த வீட்டில் அண்ணன் தங்கை வழக்கு இன்னும் நடக்கிறது. தீர்ப்பு வரவே வராது. காரணம் நான்.

குழுவில் ரீப்ரோ சண்டை இப்போதும் வாரம் தவறாமல் வருகிறது. நான் வாயைத் திறப்பதில்லை. நகலை நகல் என்று ஒட்டி விற்றவரைத் திருடன் என்றேன். அசலை அசல் என்று கொண்டுவந்தவரிடம் அது நகல் என்றேன். இதற்கு மேல் எனக்குக் கருத்து எதற்கு?

போன மாதம் சித்ராவின் தம்பிக்குக் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி அறையில் இரண்டு குடும்பமும் கூடி, மூக்கு யார் மாதிரி, நெற்றி யார் மாதிரி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் பார்க்கலாம் என்று தொட்டிலை நோக்கிக் குனிந்தேன். மைத்துனன் பாய்ந்து வந்து குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டான்.

“மாமா, ஒரிஜினல்தான். அங்கயே நின்னு பாருங்க, போதும்.”

பிரசவித்த பெண் தையல் வலிக்கிறது என்று கெஞ்சும் அளவுக்கு அறையே சிரித்தது. நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே குழந்தையைப் பார்த்தேன். மூக்கு யார் மாதிரி என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. சொல்லவில்லை.