கன்பியூஸ் அண்ணாச்சிக்குக் கோபம் வந்தால்

தக்கலை பஸ் ஸ்டாண்டில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பேர் ஏறி இறங்கினாலும், அத்தனை பேர் மீதும் கோபப்பட ஆளுக்கொரு காரணம் கையில் வைத்திருந்த ஒரே மனிதர் கன்பியூஸ் அண்ணாச்சிதான்.

அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. சிங்கப்பூரில் இருபது வருடத்துக்கு மேல் ஒரு சீனரின் கடையில் வேலை பார்த்தவர். இறந்தவர்களுக்காக எரிக்கிற காகித வீடு, காகித கார், காகிதச் செருப்பு எல்லாம் செய்து விற்கிற கடை அது. சுனாமிக்கு மறு வருஷம் ஊர் திரும்பி, எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் தனியாகக் குடியேறினார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "கெட்டியிருந்தா அவ ஒருத்தி மேலதான் கோவப்பட நேரம் இருக்கும். ஊரை யாருலே பாக்கது?" என்பார்.

பட்டப்பெயர் வந்தது நாகர்கோவில் பஸ்ஸில். ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் நிற்கிறார். காலேஜில் படிக்கிற ஒருவன் சீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறான். அண்ணாச்சி அவன் காதிலிருந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு, "சீனத்து ஞானி கன்பூசியஸ் இதைப் பாத்திருந்தா உன்னை ஓடுற பஸ்ஸுல இருந்து இறக்கி விட்டிருப்பாரு லே!" என்று கத்தினார்.

கண்டக்டர் ஓடி வந்து, "யாருக்கு ஓய் கன்பியூஸ்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் பெயர் நிலைத்துவிட்டது.

அந்த நாட்களில் ஊருக்குள் சிரிக்கும் புத்தர் வியாதி பரவியிருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் டிவி மேல் ஒரு தொப்பைக்காரர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பேன்சி ஸ்டோரில், 'சீன புத்தர்! வயிற்றைத் தடவினால் வீட்டில் செல்வம் கொழிக்கும்!' என்று போர்டு வைத்து அடுக்கியிருந்தார்கள். அண்ணாச்சி போர்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு கடைக்குள் புகுந்து, விற்கிற பெண்ணிடம் ஒரு பொம்மையைக் காட்டினார்.

"ஏட்டி, இது யாரு?"

"புத்தர் அண்ணாச்சி."

"எந்தப் புத்தர்? அரண்மனையை விட்டுட்டுப் போன புத்தருக்கு ஏதுட்டி இந்தத் தொப்பை? இவரு சீனாவுல துணிமூட்டையைத் தோளுல போட்டுக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்ச சாமியாரு. இனிமே வரப்போற புத்தர் இவருதான்னு அங்க உள்ளவங்க நம்புகாங்க. கையில இருந்ததை எல்லாம் பிள்ளையளுக்குக் குடுத்துட்டுச் சிரிச்ச மனுசன். அவரு வயித்தைத் தடவித் துட்டு கேக்கீங்களே, வெக்கமா இல்லியா?"

பொம்மை வாங்க வந்த இரண்டு பெண்கள் வாங்காமலே நழுவினார்கள். அண்ணாச்சி கடை வாசலுக்கு வந்து, பஸ்ஸுக்கு நின்றவர்களைப் பார்த்து முழங்கினார். "இங்கேயிருந்து நாம அனுப்பினது புத்தரை! சீனாக்காரன் நமக்குத் திருப்பி அனுப்பினது பிளாஸ்டிக்! அதையும் பேரம் பேசி வாங்குகீங்க!"

மறுநாள் கடையில் புதிய போர்டு ஒன்று சேர்ந்திருந்தது: 'கன்பியூஸ் அண்ணாச்சி உள்ளே வரக்கூடாது.'

அவரைச் சகித்துக்கொண்ட ஒரே ஜீவன் என் அப்பா. தினமும் மாலை இருவரும் டீக்கடை பெஞ்சில் உட்காருவார்கள். அப்பா பேசவே மாட்டார். அண்ணாச்சி நிறுத்தவே மாட்டார். "கேட்டீரா, சீனாக்காரன் ஒருத்தன் ஆபீசுல இருந்தா கன்பூசியஸ் ஆளு. பெரியவங்களுக்கு மரியாதை, செய்ய வேண்டியதை ஒழுங்காச் செய்யணும். அதே ஆளு மலையையும் ஆத்தையும் பாக்கப் போனா தாவோ ஆளு. தாவோன்னா வழி. தண்ணி மாதிரி வளைஞ்சு போணும், முட்டக் கூடாது. சாவு வந்தா புத்தர்கிட்ட போவான். ஒரே ஆளு, மூணு வாத்தியாரு! ஜப்பான்காரன், கொரியாக்காரன், வியட்நாம்காரன் எல்லாவனும் இதைக் கலந்து குடிச்சு வளந்தவனுவதான். இங்கே ஒரு வாத்தியாருக்கே அடிதடி!"

தண்ணீர் மாதிரி இருக்கச் சொன்னவர் எப்போதும் கொதிக்கிற தண்ணீராகவே இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி சொல்லப்போவது எனக்குப் பெருமையான விஷயமல்ல.

அப்பா ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து இறந்துபோனார். என் தம்பி சுரேஷ், காதலித்து ஜெஸ்ஸியைக் கட்டியவன். ஞானஸ்நானம் வாங்கிச் சபைக்குப் போய்க்கொண்டிருந்தான். அதிலிருந்து இரண்டு வருஷமாக எனக்கும் அவனுக்கும் பேச்சில்லை. அவன் பாஸ்டரோடு வந்தான். உடலுக்குப் பக்கத்தில் ஜெபம் செய்ய வேண்டும் என்றான். எங்கள் வீட்டுச் சாவில் அது நடக்காது என்றேன் நான். அப்படியென்றால் வாய்க்கரிசி போட மாட்டேன், அந்தச் சடங்கெல்லாம் தனக்கு ஆகாது என்றான் அவன். எனக்குப் பின்னால் பத்து சொந்தக்காரர்கள், அவனுக்குப் பின்னால் பத்து சபைக்காரர்கள். ஐஸ் பெட்டிக்குள் அப்பா படுத்திருக்க, பெட்டிக்கு மேலாகவே நாங்கள் இருவரும் விரலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பறந்து வந்து பந்தல் நடுவில் விழுந்தது. எறிந்தவர் கன்பியூஸ் அண்ணாச்சி.

"நிறுத்துங்கலே!"

பந்தல் அடங்கியது. அவர் முதலில் திட்டியது எங்களை அல்ல, அப்பாவை. பெட்டியருகே போய்க் குனிந்து, "ஓய், உம்மையும்தான் சொல்லுகேன். தினமும் எனக்க கூட டீ குடிச்சீரே, இந்தப் பயலுவகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சிட்டுப் போகக் கூடாதா?" என்றார். குரல் உடைந்தது. உடனே அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டு என் பக்கம் திரும்பினார்.

"சிங்கப்பூருல எத்தனை சாவு பாத்திருக்கேன் தெரியுமாலே? மகன் சாக்குத்துணி உடுத்து முட்டுக்குத்தி நிப்பான். அது கன்பூசியஸ். ஒருத்தன் மணியடிச்சு வழிகாட்டுவான். அது தாவோ. மொட்டைச் சாமியாரு உக்காந்து ஓதுவாரு. அது புத்தர். மூணு பேருக்கும் அங்க ஒரு பெட்டி போதும். உங்க ரெண்டு பேருக்கு இந்தப் பெட்டி போதலியா?"

அவர் என் மார்பில் விரலை வைத்தார்.

"நீ மூத்தவன். மூத்தவன்னா வாசலை அடைக்கவன் இல்ல. தம்பி உள்ள வர வழிவிடுகவன். தள்ளி நில்லுலே!"

நான் தள்ளி நின்றேன். பாஸ்டர் தயங்கித் தயங்கி வந்து ஜெபித்தார். சிறிய ஜெபம்தான். 'இந்தத் தகப்பனுக்காக நன்றி' என்று அவர் சொன்னபோது என் அத்தை முதல் ஆளாக அழுதாள். நானும் தலை குனிந்திருந்தேன்.

பிறகு அண்ணாச்சி அரிசித் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தம்பி முன்னால் நீட்டினார். சுரேஷ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அண்ணாச்சி, எனக்க விசுவாசம்..."

"இதை சாமிக்கா போடச் சொல்லுகேன்? சாமியை விடு மக்கா. உனக்க வாயில அவரு எத்தனை வருசம் சோறு வச்சாரு? அவரு வாயில நீ ஒரு தடவை வை. இது அப்பனுக்குச் சோறு, அவ்வளவுதான்."

அதுவரை அவர் யாரையும் கோபமில்லாமல், பிள்ளையைக் கூப்பிடுவதுபோல 'மக்கா' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சுரேஷ் பாஸ்டரைப் பார்த்தான். பாஸ்டர் நல்ல மனிதர். பந்தலின் கீற்றை எண்ணுவதுபோல மேலே பார்த்துக்கொண்டார். தம்பி ஒரு பிடி அரிசி எடுத்தான். அவன் கை பாதியில் நின்றது; நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து அப்பாவின் வாய்வரை கொண்டுபோனேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவனைத் தொட்டேன்.

அப்பாவை எங்கள் தென்னந்தோப்பிலேயே அடக்கம் செய்தோம். குழி வெட்டியவர்களிடம், கோணலாக வெட்டுகிறார்கள் என்று அண்ணாச்சி ஒரு சண்டை போட்டார். பாஸ்டருக்கு வெயிலில் குடை பிடிக்கவில்லை என்று என் சொந்தக்காரர்களிடம் இன்னொரு சண்டை. எல்லாரும் போன பிறகு மண்மேட்டுக்குப் பக்கத்தில் அவர் மட்டும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படி ஒரு நிலையில் அவரை யாரும் பார்த்ததில்லை; கூப்பிடத் தைரியமில்லாமல் நானும் தம்பியும் வரப்பில் காத்து நின்றோம்.

நாலைந்து வருஷத்துக்குப் பிறகு முட்டுவலி அதிகமாகி, அஞ்சுகிராமத்தில் தங்கை வீட்டோடு போய்விட்டார். தம்பியோடு எனக்கு மனஸ்தாபம் வரும்போதெல்லாம் அவருக்குப் போன் போடுவேன். "அறிவிருக்காலே உனக்கு?" என்றுதான் ஆரம்பிப்பார். அரைமணி நேரம் திட்டுவார். வைத்தவுடன் சுரேஷ் வீட்டுக்கு வண்டியை எடுப்பேன்.

இப்போது எனக்கும் தம்பிக்கும் சண்டை அநேகமாக வருவதில்லை. ஆனாலும் மாதம் ஒரு தடவை, பெரிய சண்டை என்று பொய் சொல்லி அவருக்குப் போன் போட்டுவிடுகிறேன்.