பக்கவாட்டில் பார்த்த உண்மை

மண்ணச்சநல்லூர் மாப்பிள்ளை மாதவன் அவர்களுக்கு, எடமலைப்பட்டி புதூரிலிருந்து மாமனார் வெள்ளைச்சாமி ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. அது பொய். ஏழு மாத வயிற்றோடு சுஜா சரியாகச் சாப்பிடுவதில்லை, உங்கள் அத்தை என்னோடு பேசுவதில்லை. நான் மட்டும் நலம்.

என் கொள்கை உங்களுக்குத் தெரியும். எதைச் செய்யும் முன்பும், ஊர் உலகமெல்லாம் இதையே செய்தால் தாங்குமா என்று கேட்டுக்கொள்வேன். தாங்காது என்றால் செய்ய மாட்டேன். கண்டக்டராக இருந்த காலத்திலிருந்தே இப்படித்தான். ஒரு வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் தெரிந்தவர் ஒருவர் வரிசைக்கு நடுவில் இடம் தருகிறேன் என்று கூப்பிட்டார். எல்லோரும் இப்படி நுழைந்தால் வரிசை எதற்கு என்று மறுத்தேன், கூட்டம் நெருக்கித் தள்ளியது, உங்கள் அத்தை பெருமாளைப் பார்க்காமலே பஸ் ஏறினாள். போன வாரம் வரைக்கும் தாளிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டினாள்.

அந்தக் கொள்கைதான் இப்போது உங்கள் குடும்பத்தில் புகுந்துவிட்டது. போன ஞாயிறு மன்னார்புரத்தில் நீங்கள் கார் ஓட்டிப் போனதைப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் ஒரு பெண். சாயங்காலம் சுஜா போனில், "ஞாயித்துக்கிழமைகூட அவரு மில்லுலயே கிடக்குறாருப்பா, பாவம்" என்றாள். பெற்ற மகள் தப்பாக நம்புவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதும் பொய்தானே? "இல்லம்மா, கார்ல பாத்தேன், பக்கத்துல ஒரு பொண்ணு, ரெண்டு பேரும் சிரிச்சிட்டிருந்தாங்க" என்று கண்டதைக் கண்டபடி சொன்னேன். மறுநாள் காலையில் பெட்டியோடு வந்து நின்றாள். உங்கள் போனை அவள் ஏன் எடுப்பதில்லை என்று தெரியாமல் தவித்திருப்பீர்கள். காரணம் நான்தான்.

கொதித்துப்போய் அந்தக் காரைத் தேடி மறுபடி மன்னார்புரம் போனேன். டிரைவிங் ஸ்கூல் வாசலில் நின்றது. எல் போர்டு முன்னாலும் பின்னாலும் இருந்திருக்கிறது. நான் பார்த்தது பக்கவாட்டில். உங்கள் பக்கத்து சீட்டில் இருந்தவர், கார் ஓட்டச் சொல்லித்தரும் ஷரபுன்னிசாவாம். அவர், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முதலில் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். பிறகு, "சம்சாரத்துக்கு வலி எடுக்குற நேரத்துல ஆட்டோ தேடி அலையக் கூடாதுன்னு கத்துக்கிறாருங்கய்யா. அவங்களுக்குத் தெரியாம செய்யணும்னு ஆசை" என்றார். நடுரோட்டில் நின்று அழுதுவிட்டேன் மாப்பிள்ளை.

இப்போது சொன்னால் வாக்கு போச்சு. சொல்லாவிட்டால் என் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். உலகமே வாக்கு மீறினால் தாங்காது, உலகமே அழுகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருந்தாலும் தாங்காது, எந்தப் பக்கம் திரும்பினாலும் கொள்கை இடிக்குதுங்க, நான் என்னதான் பண்றது? போனில் கேட்கலாமென்றால் என் குரல் மூன்று வீடு தாண்டும். ஆகவே நீங்களே நேரில் வந்து சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நான் சொல்ல அனுமதி எழுதுங்கள்.

உச்சிப்பிள்ளையார் உங்களைக் காக்கட்டும். கியர் மாற்றும்போது கீழே பார்க்க வேண்டாம்.

அன்புள்ள மாமனார்,
வெள்ளைச்சாமி

பி.கு.: கவரை ஒட்டப் போனபோது சுஜா வந்து, "யாருக்குப்பா?" என்றாள். மாப்பிள்ளைக்கு என்றால் என்ன விஷயம் என்பாள், வாக்கு உடைந்துவிடும். "ஈ.பி. ஆபீசுக்கு" என்றேன். என் முதல் பொய். உலகமே இப்படிச் சொன்னால் என்னாகும் என்று யோசிக்க நேரமில்லை. கவரில் உங்கள் பெயரை ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தேன். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ஈ.பி. ஆபீஸ்காரரு நேரத்துக்குச் சாப்பிடுறாரான்னு ஒரு வரி சேத்து எழுதுங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சாப்பிடுகிறீர்களா மாப்பிள்ளை?