முள்ளம்பன்றி லேப்டாப்பில் மூங்கில் போட்ட கீரி

ஒரு காட்டில் செண்பகம் என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். அவளிடம் எட்டு வருடப் பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. முள்ளம்பன்றிக்கு ஏது லேப்டாப் என்று கேட்காதீர்கள். அது பேசும் என்பதை ஒப்புக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்?

அந்த வருடம் வன அலுவலகம் ஓர் உத்தரவு போட்டது. வளையில் குடியிருப்பவர்கள் இணையத்தில் விண்ணப்பித்து உரிமை வாங்க வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. செண்பகம் மூன்று குட்டிகளோடு இருந்த வளைக்குக் காட்டுப்பன்றி கதிர்வேலு முதல் நாளே விண்ணப்பம் போட்டுவிட்டான். அந்த வளையில் அவன் மூக்குகூட நுழையாது. ஆனால் படிவத்தில் உடம்பு அளவு கேட்கவில்லை. செண்பகம் போடாவிட்டால் வளை அவனுக்குப் போய்விடும்.

நம்ம ஆள் வெள்ளிக்கிழமை காலையில்தான் லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே வட்டம்தான்.

அப்போது அந்த வழியாகக் கீரி தேவசகாயம் வந்தான். கழுத்தில் பதினோரு பென் டிரைவைக் கோத்து மாட்டியிருப்பான். கணினியை ஓட்டும் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளில் மாதம் ஒரு புது ரகத்தைப் போட்டுப் பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. அதை வைத்து என்ன வேலை செய்கிறாய் என்று யாரோ ஒருமுறை கேட்டதற்கு, "போட்டுக்கிட்டு இருக்கேனே, அது வேலை இல்லையா?" என்று கோபித்துக்கொண்டான்.

"அக்கா, மூங்கில் லினக்ஸ் புதுசா வந்திருக்கு. காலையிலதான் இன்னொரு இடத்துல போட்டுக் குடுத்துட்டு வர்றேன். உங்க லேப்டாப் மான் மாதிரி ஓடும்."

"இருக்கிறது போயிட்டா?"

"ஒண்ணும் போகாது. பென் டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பாக்கலாம். பிடிக்கலன்னா உருவிடலாம்."

சொருகினான். நீல மலைப் படத்தோடு திரை பளிச்சென்று வந்தது. வைஃபை தானாகவே பிடித்துக்கொண்டது. செண்பகம் பதினான்கு பக்கப் படிவத்தையும் நிரப்பிச் சேமித்தாள். பக்கத்து வளை உடும்பிடம் ஒரு காகிதத்தில் சாட்சிக் கையெழுத்து வாங்கிப் படமெடுத்துச் சேர்ப்பது மட்டும்தான் பாக்கி.

"சூப்பரா இருக்குடா தம்பி. உடும்புகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன்" என்று காகிதத்தோடு ஓடினாள்.

சூப்பர் என்று சொன்னதுதான் அவள் செய்த தப்பு. லினக்ஸ்காரனைப் பாராட்டிவிட்டு லேப்டாப்போடு தனியாக விடக் கூடாது.

திரும்பி வந்தபோது படிவத்தைக் காணோம்.

"அக்காவுக்குப் பிடிச்சிருச்சேன்னு நிரந்தரமா போட்டுட்டேன்" என்றான் கீரி, முகமெல்லாம் சிரிப்பாக.

"நான் சேமிச்சது எங்கடா?"

"அது பென் டிரைவ்ல ஓடும்போது சேமிச்சது. அணைச்சா போயிடும்."

"இதை எப்ப சொல்லணும்?"

"இப்ப சொல்றேன்ல."

பழைய டிஸ்க்கையும் சுத்தமாகத் துடைத்திருந்தான். கூடவே வைஃபையும் போயிருந்தது. கீரி தன் போனில் லினக்ஸ் மன்றத்தில் உதவி கேட்டான். நாற்பது பதில் வந்தது. எல்லாமே மூங்கில் நல்லதா, கோரை லினக்ஸ் நல்லதா என்ற சண்டை. கீரியும் வைஃபையை மறந்துவிட்டு அதில் கலந்துகொண்டான்.

மணி நாலரை. செண்பகத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இன்று ராத்திரி குட்டிகளை எங்கே படுக்க வைப்பது? நேரிலாவது கெஞ்சிப் பார்ப்போம் என்று வன அலுவலகத்துக்கு ஓடினாள்.

அங்கே குமாஸ்தா ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே கதிர்வேலு கத்திக்கொண்டிருந்தான்.

"நான் முதல் நாளே போட்டவன் சார்!"

"முதல்ல போட்டதுதாங்க முதல்ல போச்சு" என்றது ஓட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

செண்பகம் மேஜை மேலிருந்த கணினியைப் பார்த்தாள். திரையில் நீல மலைப் படம். இது எந்த மகராசன் வேலை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

கதிர்வேலு போனதும் ஆமை தலையை நீட்டினார். "காலையில ஒரு கீரித் தம்பி வந்து, மான் மாதிரி ஓடும்னாரும்மா. வந்த விண்ணப்பமெல்லாம் ஓடிப்போச்சு. அதிகாரிகிட்ட, கணினியில இடி விழுந்துருச்சுன்னு சொல்லியிருக்கேன்." சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டினார். நிர்வாகக் காரணங்களால் எல்லோரும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், கடைசி நாள் ஒரு மாதம் தள்ளிவைக்கப்படுகிறது என்றிருந்தது.

செண்பகம் அங்கேயே போனில் கேட்டு, இணைய மையக் குரங்கிடம் மறுநாள் காலைக்கு முன்பதிவு செய்துகொண்டாள். பிறகு பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கீரி வாசலிலேயே நின்றான். "அக்கா, வைஃபை வந்துடுச்சு! ஆனா சத்தம் போயிடுச்சு. கோரை லினக்ஸ் போட்டுப் பாப்போமா?"

செண்பகம் அவனை உட்காரவைத்து, வயிறு நிறையக் கிழங்கு கொடுத்தாள். அவன் கடைசித் துண்டை மென்று முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள்.

"இங்க போதும் தம்பி. கதிர்வேலு அண்ணன் வீட்டுலயும் ஒரு பழைய லேப்டாப் இருக்காம். ரொம்ப மெதுவா ஓடுதாம், பாவம்."

நீதி: கம்ப்யூட்டர் தெரிந்த நண்பன் ஒருவன் எல்லோருக்கும் அவசியம், அவன் அடிக்கடி எதிராளி வீட்டுக்குப் போய்வர வேண்டியது அதைவிட அவசியம்.