தண்ணீர் துப்பாத கொம்பியூட்டர்

கரம்பொன்,
ஊர்காவற்றுறை.
திங்கட்கிழமை காலை.

அன்புள்ள மச்சான் எமிலியானுஸ் அறிய, உம்முடைய அக்கா அல்போன்சம்மாவின் புருசன் சில்வெஸ்ரர் எழுதிக்கொள்வது.

மாதாவின் கிருபையால் நானும் உம்முடைய அக்காவும் மகள் அன்ரனிட்டாவும் சுகமாக இருக்கிறோம். நீர் அனுப்பிய கொம்பியூட்டர் மட்டும் சுகமாக இல்லை. இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பீர். போனில் சொன்னால் பாதியில் நீர் சிரிப்பீர், மீதியில் உம்முடைய அக்கா போனைப் பறித்துத் தன்னுடைய நியாயத்தைச் சொல்லத் தொடங்குவாள். பக்கத்து வீட்டு யூலியானா இன்று காலை வான் பிடித்துக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து உம்முடைய சூரிச்சில் இருக்கும் மகளிடம் பறக்கிறாள். அவளிடம் கொடுத்துவிடத்தான் அவசரமாக எழுதுகிறேன். நீர் அவசரப்படாமல் இருந்து வாசியும்.

விசயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். அன்ரனிட்டா என்னோடு கதைத்து இன்றைக்கு ஐந்து நாள். சாப்பிட வரச் சொல்வதற்குக்கூடத் தாயைத்தான் அனுப்புகிறாள். ஒரே பிள்ளை, மச்சான். முப்பத்தாறு வருசம் இந்தத் தீவுப் படகுகளின் எஞ்சின்களைத் திருத்திய என்னை, எஞ்சின் நடுக்கடலில் நின்றாலும் சில்வெஸ்ரரின் பேரைச் சொன்னால் திரும்ப ஓடும் என்று மண்டைதீவுக்காரரே புகழ்ந்த என்னை, என் வீட்டுக்குள்ளேயே ஒரு மெசின் இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது.

போன மாசியில் உம்முடைய பெட்டி வந்து இறங்கியபோதே எனக்கு முதல் அதிர்ச்சி. கண்ணாடிப் பெட்டிக்குள்ளே பச்சையும் சிவப்புமாக லைற், அந்தோனியார் பெருநாள் சோடனை தோற்றுப்போகும். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, முன்னுக்கும் மேலுக்கும் முழுக்கச் சல்லடை. கடல் எங்கள் வேலியிலிருந்து முந்நூறு யார் தூரம். உப்புக்காற்று இங்கே வேலிக்கம்பியையே தின்று ஏப்பம் விடும். எஞ்சினைக் கரைக்கு ஏற்றினால் முதல் வேலையாக மூடிக் கட்டுகிற ஊருக்கு, உடம்பெல்லாம் ஓட்டையாக ஒரு மெசினை அனுப்பியிருக்கிறீரே என்று எண்ணிக்கொண்டு, அன்ரனிட்டா வகுப்பால் வருவதற்கு முதலே சல்லடைகளைக் கழற்றி, எஞ்சின் மூடுகிற கன்வஸ் துணியை அளவாக வெட்டி, உள்பக்கமாக ஒட்டித் திரும்பப் பூட்டிவிட்டேன். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இன்றுவரை அவளும் கண்டுபிடிக்கவில்லை. வேலை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அவள் அதில் படிப்பாள் என்று நினைத்திருந்தேன். படித்தாள்தான். ஆனால் ஒரு நாள் பின்னேரம் அறைக்குள்ளிருந்து, "அடி! அடி! பின்னால வாறான், விடாத!" என்று அவள் கத்த, கூடவே சடசடவென்று வெடிச்சத்தம். நான் துடுப்போடு ஓடினேன். உம்முடைய அக்கா சண்டைக் காலத்துப் பழக்கத்தில் கட்டிலுக்குக் கீழே போய்விட்டாள். கதவைத் திறந்தால், பிள்ளை காதில் பெரிய கருவியை மாட்டிக்கொண்டு கதிரையில் இருக்கிறாள். ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மற்றப் பக்கம் நின்று சுடுகிற விளையாட்டாம். அவள்தான் தலைவியாம். கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இருக்கிற ஆம்பிளைப் பிள்ளைகள் நால்வர் அவள் சொல்லுக்குச் சொல் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்கிறார்கள். எனக்கு இந்த வீட்டில் யாரும் ஒருநாளும் அப்படி ஓம் சொன்னதில்லை.

அந்த மெசின் வந்த கிழமையிலிருந்தே ஒரு குணம் காட்டியது. பாடம் படித்தால் நிற்காது, விளையாடினால் பத்தாவது நிமிசத்தில் பட்டென்று நின்றுவிடும். பாதி ஆட்டத்தில் தலைவி காணாமற் போனால் படை என்ன செய்யும்? இரண்டு ஆட்டம் தோற்றார்கள். போன சனிக்கிழமை அரையிறுதி, அதையும் விட்டால் வருசம் முழுக்கப் பாடுபட்டது வீண் என்று பிள்ளை அழுதாள். நான் அந்தக் கண்ணீரைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியாத ஆள். அவளும் தன்னால் ஆனதைச் செய்தாள். கூட்டாளிகள் சொன்னபடி மெமறி அட்டைகளைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்துப் போட்டாள். வயரை மாற்றினாள். பிறகு திரையில் எதையோ பார்த்துவிட்டு, "அப்பா, சூடு தொண்ணூற்றெட்டுக் காட்டுது. ஆனா இது தண்ணியில குளிராகிற மெசின், ஏன் இப்பிடிச் சூடேறுதெண்டு விளங்கேல்லை" என்றாள்.

தண்ணியில்! கையில் இருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். கறண்டில் ஓடுகிற சாமானுக்குள்ளே தண்ணியை விட்டு அனுப்பியிருக்கிறீர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மச்சான், மறுகணம் எனக்குப் பெரிய நிம்மதி. தண்ணியில் குளிராகிற மெசின் என்றால் அது என்னுடைய சாதி.

புதன்கிழமை அவள் யாழ்ப்பாணத்துக்கு வகுப்புக்குப் போனதும் கண்ணாடியைக் கழற்றினேன். உள்ளே கைவிரல் தடிப்பில் இரண்டு குழாய், அதன் முடிவில் ரேடியேற்றர். எல்லாம் தெரிந்த சாமான்தான். ஆனால் தண்ணி உள்ளே வரவும் வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை! படகு எஞ்சின் என்றால் கடல்தண்ணியை உறிஞ்சி, சூட்டை வாங்கிக்கொண்டு, பின் துவாரத்தால் சின்னப்பிள்ளை ஒன்றுக்குப் போவதுபோலத் துப்ப வேண்டும். துப்பவில்லை என்றால் எங்கேயோ அடைப்பு, எஞ்சின் எரியப்போகிறது என்று அர்த்தம். மெசினைப் போட்டுவிட்டுக் கால்மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு சொட்டுத் துப்பவில்லை. அடைப்பு எங்கே என்று பார்க்க, வலை வெட்டுகிற கத்தியால் ஒரு குழாயைச் சின்னதாக ஒரு வெட்டு வெட்டினேன்.

அடைப்பு ஒன்றும் இருக்கவில்லை. ஒரு கோப்பை தண்ணி அப்படியே படம் காட்டுகிற அட்டைக்கு மேலே ஊற்றிக்கொண்டு போனது. பெருநாள் சோடனை ஒரே நொடியில் அணைந்தது. நான் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, எஞ்சின் கிளிப் போட்டுக் குழாயை இறுக்கி, புதுத் தண்ணியும் நிரப்பினேன். கிணற்றுச் சவர்த்தண்ணி அல்ல, பவுசர் லொறியில் வருகிற குடிதண்ணி. அந்த அளவு அறிவு எனக்கு இருக்கிறது. ஆனால் மெசின் திரும்ப எழும்பவில்லை.

அவள் வந்தாள். பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள், கிளிப்பைப் பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாக, "அப்பா, இனி என்ர மேசைக்குக் கிட்ட வராதேங்கோ" என்றாள். அதுதான் கடைசி வார்த்தை.

வியாழக்கிழமை மெசின் பட்டணத்துத் திருத்துகிற கடைக்குப் போனது. வெள்ளிக்கிழமை அவள் நயினாதீவுக்குப் போய், சிநேகிதி சிவரூபியின் லப்ரொப்பை இரவல் வாங்கி வந்தாள். சனிக்கிழமை ஆட்டத்தை நான் வெளியே மாமரத்தடியில் நின்று ஜன்னலால் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் செபமாலை சொன்னேன். வென்றுவிட்டார்கள்! பிள்ளை துள்ளித் தாயைக் கட்டிப்பிடித்தாள், திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். நான் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தேன். அவள் எழும்பி வந்து ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மச்சான். அடுத்த மாதம் கொழும்பில் இறுதி ஆட்டம். அதற்குப் போகும்போதாவது என்னிடம் சொல்லிவிட்டுப் போவாளா என்பதுதான் என் கவலை.

நேற்று லப்ரொப்பைத் திருப்பிக் கொடுக்கிற வேலையை உம்முடைய அக்கா என்னிடம் தந்தாள். அதைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெட்டு வெட்டாகத் திறந்த வாய்! நாலு பக்கமும் கடல் உள்ள நயினாதீவில் இது எத்தனை நாளைக்குத் தாங்கும்? சிவரூபிக்கு இன்று பின்னேரம் இரண்டு மணிக்கு அதில்தான் பல்கலைக்கழகச் சோதனை, மூன்று மணித்தியாலம். இரவல் தந்த பிள்ளைக்கு நன்றிக்கடனாக, உள்ளே தொடாமல், தண்ணி சம்பந்தப்படாமல், அதே கன்வஸில் கறுப்புத் துணியாகத் தேடி இரண்டு மடிப்பாக ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கவனிக்கக்கூட இல்லை.

இனி நான் கேட்கிற உதவி. நீர் அன்ரனிட்டாவுக்குப் போன் எடுத்து, மெசின் அனுப்பும்போதே பிறவிக் கோளாறோடுதான் வந்தது, அப்பாவில் பிழை இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாமா சொன்னால் அவள் வேதவாக்காக எடுப்பாள். உண்மையும் அதுதானே. நல்ல மெசின் என்றால் ஏன் வந்த கிழமையே சூடேறுகிறது? உம்மைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் குறை உம்மிடம்தான் இருக்கிறது.

உமக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதா துணை நிற்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரியும். உம்முடைய அக்கா முத்தங்கள் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உமது அன்பு மச்சான்
சில்வெஸ்ரர்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது கடைக்காரன் போன் எடுத்தான். "அண்ணை, இந்தச் சல்லடையளுக்கு உள்ளுக்கால ஆர் துணி ஒட்டினது? மெசினில ஒரு பிழையும் இல்லை. காத்துப் போக வழியில்லாமத்தான் சூடேறி நிண்டிருக்கு. துணியைக் கழட்டிப்போட்டு, நனைஞ்ச அட்டையைக் காய வைச்சு, நீங்கள் வெட்டின கூலருக்கு வேற மாத்தினன். இப்ப சோக்கா ஓடுது" என்கிறான். மச்சான், தயவுசெய்து போன் எடுக்க வேண்டாம். மேலே எழுதியதை வாசித்திருந்தால் மறந்துவிடும். திருப்பி எழுத நேரமில்லை, யூலியானாவின் வான் வாசலில் ஹோர்ன் அடிக்கிறது. இரண்டு மணிக்குச் சிவரூபியின் சோதனை, லப்ரொப்பின் அடியில் என்னுடைய துணி! அவளுடைய நம்பர் அன்ரனிட்டாவிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்பதைவிட நயினாதீவுக்கு நீந்தியே போகலாம். குறிகட்டுவான் துறையில் வள்ளத்தைப் பிடிக்க ஓடுகிறேன்.

இன்னும் ஒன்று, வான் கதவில் வைத்துக் கிறுக்குகிறேன். வெளியே வந்தால் என்னுடைய மோட்டார் சைக்கிள் ஏற்கெனவே ஓடிக்கொண்டு நிற்கிறது. கடைக்காரன் எனக்கு முதல் அன்ரனிட்டாவுக்குத்தான் எடுத்திருக்கிறான். துணி என்று கேட்டதுமே நேற்று நான் தனியாகக் கொண்டுபோன லப்ரொப்பும் அவளுக்கு நினைவு வந்துவிட்டதாம். ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு முன்னால் இருந்தபடி, "ஏறுங்கோ அப்பா. சிவரூபிக்குச் சொல்லிப்போட்டன், நாங்கள் வரும்வரைக்கும் லப்ரொப்பைப் போடமாட்டாள்" என்கிறாள். ஐந்து நாளைக்குப் பிறகு, மச்சான்! நான் ஏற, அவள் திரும்பிப் பாராமலே, "கத்தியை வீட்டில வைச்சிட்டு வாங்கோ" என்றாள். வைத்துவிட்டேன்.